மஸ்கட்டில் தைத்த கவுன்

ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது. அம்மா பின்னால் நின்று இழுத்தாள். "மூச்ச உள்ள இழுட்டி, இன்னும் கொஞ்சம் இழு" என்றாள். இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்தாகிவிட்டது. நிலைக்கண்ணாடியில் வெள்ளைத் துணிக்கு மேலே என் முகம் தக்காளிப் பழம் மாதிரி சிவந்து தெரிந்தது. ஜிப் அசையவில்லை.

போன வருஷம் ஆனி மாதம் அது. ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டுக் கதவு சன்னல் ஒன்றையும் திறந்து வைக்க முடியாத காற்று. கோயிலில் எனக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் போதகரான ஐயர் எழுந்து, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். மூன்று ஞாயிறு வாசித்த பிறகு கல்யாணம். மூன்றில் ஒன்று முடிந்துவிட்டது, கவுன் முதுகில் நிற்கிறது. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

எங்கள் ஆட்களில் மணப்பெண் கோயிலுக்கு உடுத்தி வருகிற உடுப்பை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுத்துத் தர வேண்டும். முன்பெல்லாம் அது வெள்ளைச் சேலை. இரண்டு வீட்டாரும் ஒரு வேன் பிடித்து நாகர்கோவிலுக்குப் போய், ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்லி, கடைக்காரனின் பொறுமையைச் சோதித்து எடுத்துவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் வீடு திருவட்டாறு. அவருக்கு மஸ்கட்டில் வேலை. அவருடைய அக்காவும் குடும்பத்தோடு அங்கேதான். அந்த வீட்டுக்கு வந்த மருமகள்கள் எல்லாரும் கவுன்தான் போட்டிருக்கிறார்கள், என்னுடையதையும் மஸ்கட்டிலேயே பக்கத்தில் நின்று தைத்து அனுப்புகிறேன் என்று அந்த அக்கா சொன்னார். "அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்து விடுங்க, அது போதும்" என்றார்.

அளவு ஜாக்கெட் என்றால் நம் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல்காரியிடம் கொடுத்து, இதே மாதிரி தை என்று சொல்லிவிட்டு வருவது. பிறந்தது முதல் அதுவரைக்கும் என் உடம்பில் யாரும் டேப் வைத்தது கிடையாது. என் இடுப்பு எத்தனை அங்குலம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, என் அம்மாவுக்கு அவள் இடுப்பு தெரியாது. அதற்கென்று ஒரு ஜாக்கெட் இருக்கிறதே. உடம்பு கொஞ்சம் கூடினால் "இதைவிட ரெண்டு விரல் லூஸா" என்று வாயால் சொல்வோம். அப்படி வாயால் சொல்லிச் சொல்லியே நான் முப்பத்திரண்டு வயது வரைக்கும் வந்துவிட்டேன்.

ஈஸ்டருக்குத் தைத்த கருநீல ஜாக்கெட்டைத்தான் மஸ்கட்டுக்கு அனுப்ப எடுத்து வைத்தேன். கச்சிதமாக இருந்தது, யாரிடமும் இரண்டு விரல் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவர் மஸ்கட் போகிறார் என்று கேள்விப்பட்டு, அம்மாதான் அதைப் பொதியாகக் கட்டி அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது கவுன் வந்துவிட்டது. அழகான கவுன், பொய் சொல்லக் கூடாது. முழங்கை வரைக்கும் லேஸ் கை, கழுத்து மூடி, எங்கள் கோயில் கமிட்டி ஒரு சொல் சொல்ல முடியாத மாதிரி. ஆனால் அது வேறு யாருக்கோ தைத்த கவுன்.

என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை. நான் தடிச்சவள். பூசின உடம்பு, வாட்டசாட்டம், ராசியான உடம்பு என்று ஆட்கள் ஆயிரம் பெயர் வைப்பார்கள், எனக்கு அவையெல்லாம் வேண்டாம். தடிச்சவள், அவ்வளவுதான். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், நன்றாகப் பாடுவேன், மீன் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் தட்டைக் காலி செய்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தரகரிடம் சொல்லி அனுப்புவார்கள். பெண்ணுக்கு உடம்பு கொஞ்சம் கூடுதல். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று நான் ஒரு பரீட்சையே எழுதலாம்.

திருவட்டாறு மாப்பிள்ளை வீட்டார் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை என்னை நேரில் பார்க்கவும் இல்லை. அவருக்கு லீவு கிடைக்காமல் நிச்சயம் அவர் இல்லாமலே நடந்தது. அவர் போனில் இருந்து பார்த்தார், நான் சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், யாரோ போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுவோம். போனைக் கொஞ்சம் உயரத்தில் பிடித்து, தோள் வரைக்கும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வேன். அப்படிப் பிடித்தால் தாடை எடுப்பாகத் தெரியும். கை கடுக்கும், மாற்றிக்கொள்வேன். கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்னால்தான் அவர் விமானம் ஏறுகிறார்.

கவுன் மேல் எனக்கு ஆசை இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். கோயிலில் நான் பாடகர் குழு. எங்கள் பெஞ்சு பீடத்துக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி இருக்கும். எத்தனையோ மணப்பெண்கள் அந்த நடுவழியில் நடந்து வருவதை நான்தான் முதலில், முகத்துக்கு நேரே பார்ப்பேன். சிலர் கவுன் தடுக்கி விழப் பார்ப்பார்கள், சிலர் மூச்சு விட முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு வருவார்கள். ஒன்றிரண்டு பேர், அதுவும் மெலிந்தவர்கள் என்றுகூட இல்லை, உள்ளே வரும்போதே சபை முழுக்க எழுந்து நிற்பது தங்களுக்காகத்தான் என்று தெரிந்தவர்கள் மாதிரி வருவார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கும் அப்படி வர வேண்டும்.

"ரெண்டு வாரம் கெடக்கு. ராத்திரி சோறு வேண்டாம். கொள்ளு அவிச்ச தண்ணி குடி. ஜிப்பு ஏறிரும்" என்றாள் அம்மா.

"ரெண்டு வாரத்துல இவ்வளவு தூரம் எப்பிடிம்மா ஏறும்? நான் என்ன ஐஸா, உருகதுக்கு?"

"செரி, கழத்து. கிழிச்சுப் போடாத."

கழற்றிக் கட்டிலில் போட்டேன். அளவு பார்த்துத் தைத்தது எப்படி இவ்வளவு சின்னதாகும் என்று மண்டை குடைந்தது. கவுன் வந்த பையை எடுத்து உதறினேன். அடியில் அளவு ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அது கருநீலம் இல்லை. கடுகு மஞ்சள். நான் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போது போட்டது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது, டைபாய்டு வந்து எழுந்து எலும்பும் தோலுமாக இருந்தேன்.

ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் சன்னல் கொக்கியைச் சரி செய்வது போலத் திரும்பிக்கொண்டாள்.

"நீயா மாத்தி வச்ச?"

அவள் கொக்கியை இன்னொரு தரம் திருகினாள்.

"அம்மா. உன்னத்தான் கேக்கேன்."

"பின்ன அந்த நீலத்த அனுப்பச் சொல்லுகியா?" என்று திரும்பினாள். "அங்க ஒரு அந்நிய வீட்ல, மேசையில விரிச்சுப் போட்டுப் பாப்பாவ. இதென்ன ஜாக்கெட்டா, போர்வையான்னு சிரிப்பாவ. இன்னும் மோதிரம் மாத்தல. அதுக்குள்ள அவியளுக்கு எதுக்கு இதெல்லாம் தெரியணும்? நீ எப்பிடியும் கல்யாணத்துக்குள்ள மெலிஞ்சிருவன்னு நினைச்சேன்."

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இத்தனை வருஷம் வந்து போனவர்கள் சொன்னதையெல்லாம் நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டுக் கல்லூரிக்கு பஸ் ஏறிப் போனேன். வீட்டுக்குள் இருக்கிற ஆளும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்பம் நீயும் அவங்கள மாதிரிதான் என்னப் பாக்க" என்றேன்.

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உன்ன வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவன் ஒவ்வொருத்தனுக்கும் நான்தாம்ட்டி காப்பி குடுத்தேன்" என்றாள். "நீ உள்ள போய் உடுப்பு மாத்திருவ. வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினது நானு. காருல ஏறும்போ அவிய பேசிக்கிட்டதக் கேட்டது நானு."

அப்பா முன்னறையில் இருந்தார். துணிப் பேச்சு சண்டைப் பேச்சாக மாறியதும் எழுந்து போய் ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஏற்கெனவே துடைத்த ஸ்கூட்டர்.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டில் இருக்க முடியவில்லை. காலையிலேயே பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கவுனை விட்டுவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொண்டு கோயிலில் போய் நிற்க முடியாது, அது அவர்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி. அது தெரிந்தும் போனேன். எனக்கு ஏற்ற கவுன் என்று ஒன்று இந்த உலகத்தில் உண்டா, இல்லையா என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

முதல் கடை வாடகைக் கவுன் கடை. அங்கே இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம கிட்ட டபுள் எக்ஸல் வரைக்கும்தான் இருக்கு" என்றாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. இரண்டாவது கடையில் இருந்தவர் அன்பாகத்தான் பேசினார். ஒன்றை எடுத்துக் காட்டி, "இது போட்டா மெலிசாத் தெரிவீங்க" என்றார். இன்னொன்றை எடுத்து, "இது வயித்த அமுக்கிப் பிடிச்சிரும்" என்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல கோடு இறக்கி வச்சிருக்கு, கண்ணுக்கு உயரமாக் காட்டும், உடம்பக் காட்டாது" என்றார்.

"எனக்கு அழகாக் காட்டுகது இருக்கா?" என்று கேட்டேன்.

"அதத்தானே மேடம் சொல்லுகேன்" என்றார் அவர். அவருக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு என்ன பிரயோசனம், வெளியே வந்துவிட்டேன். வெயிலில் நின்று ஒரு சர்பத் குடித்தேன். சர்பத் குடிக்கும்போதுகூட, இதில் எவ்வளவு சீனி, ராத்திரி கொள்ளுத் தண்ணி குடித்தால் சரியாகிவிடுமா என்று ஒரு கணக்கு ஓடியது. சவத்தை விடு என்று இன்னொரு சர்பத் வாங்கிக் குடித்தேன்.

மூன்றாவது கடையில் தைத்தும் கொடுப்பார்கள். அங்கே வேலை செய்கிற பெண் டேப்பை எடுத்தாள். "அளவு ஜாக்கெட் கொண்டு வரல" என்றேன். "கவுனுக்கு அதெல்லாம் சரிப்படாதுக்கா, உடம்புல வச்சுத்தான் எடுக்கணும்" என்றாள். மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஆஸ்பத்திரியில் கெட்ட ரிசல்ட் சொல்கிற குரலில், மெதுவாகச் சொன்னாள். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. எதற்கு இப்படிக் கிசுகிசுக்கிறாள் என்று எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பிறகு உள்ளே போய் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு கவுனைக் கொண்டு வந்தாள். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனதாம். நெஞ்சுக்குக் கீழே ஒரு பட்டை, அங்கிருந்து துணி நேராகக் கீழே விழுகிறது. எங்கேயும் அமுக்கவில்லை, எங்கேயும் பிடிக்கவில்லை. ஜிப் ஒரே இழுப்பில் கழுத்து வரைக்கும் போனது. கண்ணாடியில் பார்த்தேன்.

நான் மெலிசாகத் தெரியவில்லை. தடிச்சவளாகத்தான் தெரிந்தேன். ஆனால் நன்றாக இருந்தேன். தோள் இருந்தது, கழுத்து இருந்தது, நிற்பதில் ஒரு நிமிர்வு இருந்தது. கை இரண்டும் தானாக விரிந்து, பூச்செண்டு பிடிக்கிற மாதிரி முன்னால் வந்து சேர்ந்துகொண்டன. நான் ஒன்றும் ஐஸ் மாதிரி உருக வேண்டியதில்லை, துணிதான் கொஞ்சம் அதிகம் வேண்டும், அவ்வளவு சின்ன விஷயம் என்று அந்த நிமிஷம் புரிந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என்னை அளந்து தைத்திருந்தால் மஸ்கட் கவுனும் இப்படித்தானே இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மஸ்கட் கவுனை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனையில் ஜாக்கெட் தைக்கிற அக்காவிடம் போனேன். பிரித்து அகலப்படுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் கவுனை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள துணியே விடலியே. நாம தச்சா பிரிக்கதுக்கு மூணு விரல் விட்டுல்லா தைப்போம். இவிய வெட்டி எறிஞ்சிருக்காவ." ரெண்டு பக்கமும் துண்டு வைத்துத் தைக்கலாம், ஆனால் இதே துணி வேண்டும், நாகர்கோவில் முழுக்கத் தேடினாலும் இந்த வெள்ளை கிடைக்காது, வேறு வெள்ளையை வைத்தால் கோயில் கடைசி பெஞ்சில் இருக்கிறவளுக்கும் தெரியும் என்றார். இதே துணி இருக்கிற இடம் மஸ்கட்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். நான் வழக்கம்போல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"கவுன் போட்டுப் பாத்தியா? அக்கா கேட்டா. அவளுக்கு ஒரே ஆவல்."

"பாத்தேன். நல்லாருக்கு" என்றேன்.

"ஃபோட்டோ அனுப்பலியே."

"கல்யாணத்துக்கு முன்னால பாக்கக் கூடாதுலா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்ததும் உட்கார முடியவில்லை. அடுக்களைக்கும் முன்னறைக்குமாக நடந்தேன். வெளியே போய் நிற்கலாம் என்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து நாங்கள் இருவரும் சோறு வேணுமா, வேண்டாம் என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அவள் எனக்கு எதிரே கொள்ளுத் தண்ணீரை வைக்கவும் இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. பாடகர் குழு பெஞ்சில் இருந்தேன். ஐயர் என் பேரைச் சொன்னதும் சபையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பழக்கமான முகங்கள்தான், பாசமாகத்தான் பார்த்தார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு கண்ணும் டேப் பிடித்து அளக்கிற மாதிரி இருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஐயர் நிறுத்தியபோது எழுந்து, ஐயரே, கவுன் சேரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அடுத்த பாட்டில் ஒரு வரி விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

வீட்டுக்கு வந்து கோயில் சேலையைக்கூட மாற்றாமல் மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளைக்கு இல்லை, அவருடைய அக்காவுக்கு. வீடியோ வேண்டாம் என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டேன், ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மைனி, கவுன் எனக்குச் சேரல" என்றேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது. "எவ்வளவு சேரல?"

"ஜிப்பு பாதி முதுகுல நிக்கி."

"ஐயோ மக்களே. ஜாக்கெட்ட வச்சுத்தானே வெட்டினான். அந்த மஞ்ச ஜாக்கெட்டு உனக்குச் சேருமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் தடுக்க மாட்டாள் என்று தெரிந்தது, முகம் அப்படி இருந்தது.

"அது ரொம்பப் பழசு மைனி. மாறிப் போச்சு. நான் அதவிட நல்லா தடிமன்" என்றேன். "நீங்க என்ன நேர்ல பாக்கலலா. அவியளும் பாக்கல. போன்ல முகம் மட்டுந்தானே தெரியும். அதான் சொல்லுகேன்."

கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று ஒரு பக்கம், நின்றுவிடுமோ என்று ஒரு பக்கம்.

"அதுக்கு எதுக்கு இப்பிடி அழுக மாதிரிப் பேசுக?" என்றார் அவர். "தைக்கதுக்கு முன்னால சொல்லியிருந்தா எனக்கு அலைச்சல் மிச்சம். நல்ல காலம், அந்தத் துணி கடையில இன்னும் கெடக்கு, நேத்துகூடப் பாத்தேன். ரெண்டு பக்கத்துக்கும் துண்டு வெட்டி லேஸ் வச்சு நானே தச்சு வச்சிடுகேன், அவன் வரும்போ கையில கொண்டு வருவான். அங்க வச்சு இணைச்சாப் போதும். அளவு மட்டும் சரியாச் சொல்லணும். ஜாக்கெட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டேப்ப வச்சு எடுத்து இப்பமே சொல்லு."

அப்படியானால் மாப்பிள்ளை கையில் கொண்டு வருவார். என் இடுப்பின் இரண்டு பக்கத்துக்கும் எவ்வளவு துணி வேண்டும் என்பதை, என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் கையில் பிடித்துப் பார்த்துவிடுவார். நான் போனைப் பிடித்தபடி நின்றேன். கடையில் காதோடு காதாகச் சொன்ன எண்கள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. கேட்ட உடனே மறக்கப் பார்த்தவள்தானே நான்.

அம்மா உள்ளே போனாள். தலையணை உறை தைக்க மட்டும் வைத்திருக்கிற பழைய தையல் மிஷினின் டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. டேப்போடு வந்தாள். என் சேலை முந்தானையை எடுத்து என் தோளிலேயே போட்டுவிட்டு, கையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். டேப் என்னைச் சுற்றி வந்தது. நான் குனிந்து எண்ணைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். இப்போதும் இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவளை நான் மன்னித்திருக்க மாட்டேன், அது மட்டும் தெரியும்.

அம்மா போனுக்குப் பக்கத்தில் குனிந்து மார்பளவைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"கேக்கல" என்றார் மஸ்கட் அக்கா. "விட்டு விட்டுக் கேக்கு. என்னது?"

அம்மா திரும்பச் சொன்னாள். கதவு டமார் என்று அடித்தது.

"ஒண்ணும் கேக்கலியே. கொஞ்சம் வெளிய வந்து சொல்லுங்க, சிக்னல் கெடைக்கும்."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள். இன்னொரு கையில் டேப், அளந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடி. வாசல் கதவைத் திறந்து முற்றத்துக்கு இறங்கினாள். நானும் பின்னாலே போனேன். மலைப் பக்கமிருந்து காற்று மண்ணை வாரி இறைத்தது, அம்மாவின் சேலை பறந்தது. கோயில் விட்டுத் தெருவில் ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அம்மா போனை வாய்க்கு நேரே பிடித்து, காற்றுக்கு மேலே கத்தினாள். மார்பளவு இத்தனை. அதே எண், குறைக்கவில்லை. மஸ்கட்டில் அவர் சரியா என்று திருப்பிச் சொல்ல, "ஆமா, ஆமா, அதுதான்" என்றாள். பிறகு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, அந்த முற்றத்தில் வைத்தே, தெருவில் எல்லாரும் பார்க்க, என் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். அதையும் கத்தினாள். அதற்குக் கீழே எடுத்தாள், அதையும் கத்தினாள். கூட ஒரு விரல் தாராளமாக வை, அவள் அன்றைக்குச் சாப்பிட்டு உட்கார்ந்து எழுந்திரிக்க வேண்டும் என்று சொன்னாள்.

பக்கத்து வீட்டு மாமி கோயிலிலிருந்து வந்தவள், மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். "யாருக்குட்டி இவ்வளவு பெரிய அளவு?" என்று கேட்டாள்.

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"எம் மவளுக்கு" என்றாள்.